கடைக்கு வராத பெட்டிகள்

அன்றைக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு முழுவதும் பிள்ளைகள் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் திரைகளிலும் அதே நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, ‘அப்டேட் நடக்கிறது. காத்திருக்கவும்’ என்று எழுதியிருந்தது.

“நானும் காத்திருக்கேன், காத்திருக்கேன்... எனக்குத் தாடியே முளைச்சிடும் போல” என்றான் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் வகுப்பில் அவனுக்கு அந்தப் பெயர்.

மணி அடித்துவிட்டது. வட்டம் நிற்கவில்லை. படம் வரையலாம் என்று ஆசையாக வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

வகுப்புக்குத் திரும்பும் வழியிலேயே சண்டை ஆரம்பித்தது.

“எல்லாம் அந்த நீலப்பட்டம் கம்பெனி பண்ற வேலை!” என்றாள் குண்டூசி. “நாம வேலை செய்ய உட்காரும்போதுதான் அவங்களுக்கு அப்டேட் ஞாபகம் வரும்.”

குண்டூசி ஒல்லியானவள், குரலும் சின்னது. ஆனால் வாயைத் திறந்தால் எங்கே குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்துவாள்.

நீலப்பட்டம் ஒரு பெரிய கம்பெனி. கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, உள்ளே நடக்கும் வேலைகளை எல்லாம் மேய்க்கிறதே, அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் அவர்களுடையது. டிவியோடு மாட்டி விளையாடும் கேம் பெட்டியும் அவர்களுடையதுதான். அதனால் அந்தக் கம்பெனியைத் திட்டவும் புகழவும் ஆட்களுக்குக் குறைவே இல்லை.

புகழ்கிற கூட்டத்துக்குத் தலைவன் கேப்டன். குண்டூசியின் பெஞ்சில் பக்கத்து இடம் அவனுடையது. பள்ளியில் அவன் எந்த அணிக்கும் கேப்டன் இல்லை. கேம் பெட்டிக்குள் அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து ஓர் ஊர் கட்டியிருந்தார்கள். அந்த ஊரின் கால்பந்து அணிக்குத்தான் அவன் கேப்டன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த ஊர்க் கதையைத் தினமும் காலையில் குண்டூசிக்குச் சொல்லிவிடுவான்.

“நீலப்பட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசாத” என்றான் கேப்டன்.

“ஒரு வார்த்தை எதுக்கு? ஒரு மூட்டை இருக்கு என்கிட்ட!”

டீச்சர் உள்ளே வந்தபோது வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். டீச்சர் மேசையைத் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாரும் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“கத்தறதுக்குத் தொண்டை போதும், பேசறதுக்குத்தான் மூளை வேணும்” என்றார் கடைசியில். “வெள்ளிக்கிழமை விவாதம் வெச்சுக்கலாம். நீலப்பட்டம் நமக்கு நல்லது செஞ்சது அதிகமா, தொல்லை கொடுத்தது அதிகமா? நல்லதுன்னு கேப்டன் பேசட்டும். தொல்லைன்னு குண்டூசி பேசட்டும்.”

அந்த வகுப்பு விவாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி பேசியதை உடனே வெட்டிப் பேச முடியாது. அவர் சொன்னதில் பலமான விஷயத்தை முதலில் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு, “நீ சொன்னது இதுதானே?” என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் நம் முறை. ஒருமுறை ரேடியோ தலையாட்டல் வாங்க முடியாமல் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

குண்டூசிக்குக் கவலையே இல்லை. ஆதாரம் எல்லாம் அவள் வீட்டுக்குக் கீழேயே குவிந்து கிடந்தது.

அவள் அம்மா கம்ப்யூட்டரும் கேம் பெட்டியும் ரிப்பேர் பார்ப்பவர். வீட்டின் கீழ் அறைதான் கடை. உள்ளே நுழைந்தாலே ஈயம் உருகிய வாசனை மூக்கில் ஏறும். ஜாடி மூடிகளில் ஸ்குரூக்கள் கிடக்கும். சுவரோரம் ஒரு நீள அலமாரி. அதில் நோயாளிகள் மாதிரி கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டு பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதிக்கு மேல் நீலப்பட்டம் பெட்டிகள்தான்.

குண்டூசி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் கேள்வி கேட்டாள்.

“அங்கிள், நீலப்பட்டம் எப்படி?”

“அதை ஏன் கேக்கற, பாப்பா? போட்டா சூடாகுது, சூடானா அணைஞ்சிடுது.”

“ஆன்ட்டி, நீங்க?”

“போன வருஷம் வரைக்கும் எல்லாம் ஒரு இடத்துல இருந்துச்சு. புதுசு போட்டாங்க, இப்ப எது எங்க இருக்குன்னே தெரியல. சொந்த வீட்டுல நானே விருந்தாளி ஆயிட்டேன்.”

குண்டூசிக்கு வாயெல்லாம் பல். “அம்மா, ஒருத்தர்கூட நல்லதுன்னு சொல்லலை. நான் ஜெயிச்சாச்சு!”

“அப்படியா?” என்றார் அம்மா. ஒரு பெட்டியின் வயிற்றுக்குள் ஊதித் தூசியைப் பறக்கவிட்டு, தானே தும்மினார்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். சீருடைகூட மாற்றவில்லை. துண்டில் சுற்றிய ஒரு பொருளைப் பச்சைப் பிள்ளையைப் போல மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் நீலப்பட்டம் கேம் பெட்டி. மூடியில் கால்பந்து ஸ்டிக்கர்.

குண்டூசிக்கு அந்த ஸ்டிக்கரைத் தெரியும். அதே மாதிரி ஒன்று கேப்டனின் பையிலும் ஒட்டியிருக்கிறது. வந்தவர் கேப்டனின் அப்பா!

“என்ன ஆச்சு, சார்?” என்று கேட்டார் அம்மா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வேலை முடிஞ்சு வந்தேன், மேடம். வீட்டுல யாரும் இல்லை. இது பாட்டுக்கு ஒரு வட்டம் சுத்திட்டு இருந்துச்சு. பையன் அணைக்க மறந்துட்டான் போலன்னு பிளக்கைப் பிடுங்கிட்டேன். திரும்பப் போட்டா வட்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை.”

“அப்டேட் நடுவுல பிடுங்கிட்டீங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா ஒருநாள்கூட இது மக்கர் பண்ணினது இல்லை. பண்ணியிருந்தா உங்க கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே!”

பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த குண்டூசி நிமிர்ந்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா சீக்கிரம் ஓடும்” என்றார் அம்மா.

“ஐயையோ, அழிச்சிடாதீங்க! இதுக்குள்ள என் பசங்க ரெண்டு பேரும் கட்டின ஊர் இருக்கு. பெரியவன் வேலைக்காக ரொம்ப தூரம் போயிட்டான். போன்ல பேசினா ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ன்னு ரெண்டு வார்த்தையோட சரி. ஞாயித்துக்கிழமை இந்த ஊருக்குள்ள வந்தாத்தான் அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கா பேசுவாங்க.” அவர் குரல் இறங்கிவிட்டது. “சின்னவனுக்கு இன்னும் தெரியாது. தூசி தட்டக் கொடுத்திருக்கேன்னு சொல்லப் போறேன்.”

“அழிக்காம எடுக்க முயற்சி பண்றேன், சார். வரும்னு உறுதி சொல்ல மாட்டேன்.”

அவர் போனதும் குண்டூசி துள்ளி எழுந்தாள். “அம்மா! நீலப்பட்டம் நல்லதுன்னு பேசப் போறதே அவன்தான். அவன் பெட்டியே நீலப்பட்டம் அப்டேட்ல செத்துப் போச்சு. இதை மட்டும் நான் சொன்னா...”

“கடைக்கு வந்தது கடையோட” என்றார் அம்மா. 

அது கடையின் சட்டம். யார் பெட்டி, அதில் என்ன இருந்தது, ஏன் உடைந்தது, எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. குண்டூசிக்கு நாக்கு அரித்தது. கையில் கிடைத்த லட்டுவைத் தின்னக் கூடாது என்றால் யாருக்குத்தான் அரிக்காது?

ஆனால் அதைவிட வேறொன்று அவளைத் தொந்தரவு செய்தது. மக்கர் பண்ணியிருந்தால் உங்கள் கடை தெரிந்திருக்குமே என்று அவர் சொன்னாரே. குண்டூசி அலமாரியைப் பார்த்தாள். உடைந்த பெட்டிகள்தான் இங்கே வருகின்றன. நன்றாக ஓடுகிற பெட்டி எதற்காகக் கடைக்கு வரப் போகிறது? அது தன் வீட்டில் டிவிக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டிகளைப் பற்றி அவள் ஒருவரிடமும் கேட்கவே இல்லை.

“சே!” என்றாள் குண்டூசி. அவளுடைய மூட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கேப்டனின் அப்பா மறுபடி வந்தார்.

“ஊர் இருக்கிற இடம் கெடலை, சார்” என்றார் அம்மா. “ஆனா பூட்டியிருக்கு. உங்க பையன் போட்ட நாலு நம்பர் இருந்தாத்தான் திறக்கும்.”

“அவன் பிறந்தநாளைப் போட்டுப் பாக்கலாமா?”

“தப்பாப் போட்டா ஒரேயடியாப் பூட்டிக்கும்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு குண்டூசி பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ அவன் பெஞ்சுதானே? ஏதாவது சாக்கு சொல்லி அந்த நம்பரை வாங்கித் தந்துடேன்.”

அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கேப்டன் அவளை நம்புவான், கேட்டால் சொல்லியும் விடுவான். அதனால்தான் அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“வேண்டாம், அங்கிள். நான் பொய் சொல்லி வாங்கினா, அப்புறம் தெரியும்போது நம்ம ரெண்டு பேர் மேலயும் அவனுக்குக் கோபம் வரும். நீங்களே சொல்லிட்டா உங்க மேல மட்டும்தான் வரும்.”

அம்மா சட்டென்று குனிந்து, கீழே விழாத ஒரு ஸ்குரூவைத் தேடினார். சிரிப்பை மறைக்கத்தான்.

கேப்டனின் அப்பாவும் சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் வாடியது. “ரொம்பக் கோபப்படுவான், பாப்பா.”

“படுவான்தான். ஆனா அவன் ஊரு அவனுக்குத் தெரியாம இப்படிப் படுத்துக் கிடக்கறது பாவம், அங்கிள்.”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது பின்னால் கேப்டன் இருந்தான். கண் சிவந்திருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் நான்கு எண்களை அழுத்தினான். பூட்டு திறந்தது.

“இனிமே மெதுவாத்தான் எடுக்கணும்” என்றார் அம்மா. “நாளைக்குச் சாயங்காலம்தான் தெரியும். வந்தா வரும்.”

“தம்பி...” என்று அப்பா அவன் தோளைத் தொட்டார். கேப்டன் தோளை இழுத்துக்கொண்டான்.

போகும்போது அவன் குண்டூசியிடம் மட்டும் கேட்டான். “நாளைக்கு இதைச் சொல்லி என்னைக் கிழிக்கப் போறியா?”

“கடைக்கு வந்தது கடையோட” என்றாள் குண்டூசி.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பெஞ்சுகளை இரண்டு பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். கேப்டன் முதலில் எழுந்தான். கையில் காகிதம் இருந்தது.

“நீலப்பட்டம் கம்பெனி...” என்றான். நிறுத்தினான். “நீலப்பட்டம் நமக்கு...”

அவனுக்குப் பேச்சு வரவில்லை. எப்படி வரும்? அவனுடைய ஊர் பிழைக்குமா என்றே தெரியாது. ராத்திரியிலிருந்து அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

“என்ன கேப்டன், அப்டேட் ஆகுதா?” என்றான் ரேடியோ.

வகுப்பே சிரித்தது. கேப்டன் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“குண்டூசி, உன் முறை” என்றார் டீச்சர்.

“டீச்சர், அவன்தான் ஒண்ணுமே சொல்லலையே. எதைச் சொல்லித் தலையாட்டல் வாங்குவா?” என்றான் ரேடியோ. “சும்மாவே ஜெயிச்சுட்டா!”

குண்டூசி எழுந்தாள். எதிர்ப் பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். இப்படி ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை என்று தோன்றியது.

“இன்னிக்குத்தான் சொல்லலை. தினமும் காலைல என்கிட்டச் சொல்லியிருக்கான். காது வலிக்க வலிக்கக் கேட்டிருக்கேன். அதைச் சொல்றேன்” என்றாள்.

அவள் விரல் மடக்கி ஆரம்பித்தாள். “பழைய பெட்டியில விளையாடின கேமை நீலப்பட்டம் புதுப் பெட்டியிலயும் ஓட விடறாங்க. பழசைத் தூக்கிப் போடுன்னு சொல்றது இல்லை. கை சரியா அசையாதவங்களுக்காகப் பெரிய பட்டன் வெச்ச கன்ட்ரோலர் செஞ்சாங்க. ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரு மெனுவை எடுத்து ஒளிச்சு வெச்சாங்க. எல்லாரும் திட்டினதும் ரோஷப்படாம திரும்பக் கொண்டுவந்து வெச்சாங்க. எல்லாத்தையும் விட, ரொம்ப தூரத்துல இருக்கிற ரெண்டு பேர் அதுக்குள்ள ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கலாம். நீ சொன்னது இதுதானே?”

கேப்டன் தலையைத் தூக்கினான். மெதுவாக ஆட்டினான்.

“இன்னொண்ணும் சொல்லணும்” என்றாள் குண்டூசி. “எங்க கடை அலமாரி நிறைய நீலப்பட்டம் பெட்டி உடைஞ்சு கிடக்கு. அதை வெச்சே ஜெயிக்கலாம்னு இருந்தேன். ஆனா கடைக்கு உடைஞ்சதுதான் வரும். ஒழுங்கா ஓடறது வராது. அதனால அந்த அலமாரியை நான் கணக்குல எடுத்துக்கலை.”

“இவ யாரு பக்கம் பேசறா?” என்று ரேடியோ குழம்பினான்.

“இப்பதான் என் பக்கம் வரேன். ஒருத்தர் வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வீட்டுக்கு வராரு. வட்டம் சுத்துது. அணைக்காதீங்கன்னு எறும்பு எழுத்துல ஒரு வரி. அவர் பிளக்கைப் பிடுங்கறாரு. ஃபேனைப் பிடுங்கினா, திரும்பப் போட்டா ஓடுது. ஃபிரிட்ஜும் ஓடுது. இது மட்டும் ஏன் செத்துப் போகணும்? வீடுன்னா கரன்ட் போகும், யாராவது வயரைக் காலால இடறுவாங்க. அதெல்லாம் தெரியாமலா பெட்டி செஞ்சாங்க? பெட்டிதான் தாங்கியிருக்கணும். பிடுங்கினவர் மேல என்ன தப்பு?”

யார் அந்த ஒருத்தர் என்று அவள் சொல்லவில்லை.

 கேப்டன் எழுந்தான். இப்போது அவன் கையில் காகிதம் இல்லை.

“பிடுங்கினவர் தெரியாம செஞ்சாரு, பெட்டி தாங்கியிருக்கணும். நீ சொன்னது இதுதானே?”

குண்டூசி தலையாட்டினாள்.

“அந்த ஒருத்தர் எங்க அப்பா” என்றான் கேப்டன்.

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“அவர்கிட்ட நேத்திலிருந்து நான் பேசலை. நீலப்பட்டம் தப்புப் பண்ணினப்பல்லாம் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கேன். சூடாகுதுன்னு யாராவது சொன்னா, வெயில் காலம்னு சொன்னேன். மெனுவைக் காணோம்னா, பழகிடும்னு சொன்னேன். முகம் தெரியாத கம்பெனிக்கு எவ்வளவோ சொன்னேன். எங்க அப்பாவுக்கு ஒண்ணுகூடச் சொல்லலை.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து நின்றான். “ஆனாலும் டீச்சர், நல்லதுதான் அதிகம்னு இப்பவும் சொல்வேன். அந்த எறும்பு எழுத்தை மட்டும் அவங்க பெருசாக்கணும்.”

கைதட்டல் எழுந்தது. டீச்சர் வாக்கெடுப்பு வைத்தார். பாதிப் பேர் இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கியதால் கணக்கு உதைத்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

பள்ளி விட்டதும் இருவரும் கடைக்கு ஓடினார்கள். கேப்டனின் அப்பா உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

கேப்டன் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ஊர் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, பரவாயில்லைப்பா.”

அவர் அவன் கையை இறுக்கிப் பிடித்தார். 

அம்மா பெட்டியைக் கடை டிவியில் மாட்டினார். திரை இருட்டாகவே இருந்தது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பச்சையாக ஒரு வயல் தெரிந்தது. அடுத்து தெருக்கள், மைதானம், பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு வீடுகள்.

“வந்துடுச்சு!” என்று குண்டூசி கத்திய கத்தலில் ஒரு ஜாடி மூடி கவிழ்ந்து ஸ்குரூக்கள் உருண்டன.

கேப்டன் ஊரைச் சுற்றிப் பார்த்தான். ஆற்றங்கரைக்கு வந்ததும் நின்றான். “போன வாரம் கட்டின பாலத்தைக் காணோம்.”

“கடைசியா சேமிச்சது மட்டும் போயிருக்கும், தம்பி” என்றார் அம்மா.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினீங்களோ...”

“அண்ணன் வரது ஞாயித்துக்கிழமைதானேப்பா. அதுக்குள்ள நீங்களும் நானும் கட்டிடலாம்.” கேப்டன் கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினான். “இந்தாங்க, பிடிங்க.”

“நானா? எனக்கு இதெல்லாம் எங்கே...” என்றபடி அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார்.

குண்டூசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்தார். குண்டூசி வாயை மூடிக்கொண்டாள்.

கேப்டன் அதைத் திருப்பி அப்பாவின் கையில் சரியாக வைத்தான். “முதல்ல இந்தக் கரையில ஒரு தூணுப்பா” என்றான்.